உட்கார விடாத உத்தியோகம்

என் அக்காவின் கணவர் நாற்காலி வடிவமைப்பவர். சாய்ந்து கண்ணை மூடும் ரக நாற்காலி இல்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு முனக ஆரம்பித்து, ஆள் தானாக எழுந்து போய்விட வேண்டும். காபிக் கடை முதலாளிகளுக்கு அதுதான் தேவை. காலிக் கோப்பையோடு பொழுதை ஓட்டுகிறவரிடம் கிளம்புங்கள் என்று சொல்ல முடியாது. அத்தானின் நாற்காலி சொல்லிவிடும். ரயில் நிலையத்தில் யாரும் படுத்துவிடாதபடி நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சும் அவருடைய கைங்கரியம்தான்.

ஒருமுறை கம்பெனி அவரை டிசைன் திங்கிங் பயிற்சிக்கு அனுப்பியது. பேய் பிடித்தவர் மாதிரி திரும்பி வந்தார். பயனரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டுமாம், அவருடைய வலியைக் கேட்க வேண்டுமாம், மாதிரி செய்து உடைத்து மறுபடி செய்ய வேண்டுமாம். வீடெல்லாம் மஞ்சள் சீட்டு. ஃபிரிட்ஜ் கதவில் ‘பயனரின் வலி என்ன?’ என்று ஒட்டியிருந்தார். அதன் கீழே அக்கா ‘நீங்கதான்’ என்று எழுதிவைத்தாள். நேர்மையான பின்னூட்டம் என்று சொல்லி அதையும் பையில் போட்டுக்கொண்டார் மனுஷன்.

நான் படம் வரைகிறவள். என் ஓவியக் கண்காட்சி நெருங்கியபோது அத்தான் வந்து நின்றார்.

“உன் கண்காட்சிக்கு நான் ஒரு பெஞ்சு செஞ்சு தரட்டுமாம்மா?”

“கைப்பிடி இல்லாமலா அத்தான்?”

“கிண்டல் பண்ணாத. இத்தனை வருஷமா எல்லாரும் எங்கிட்ட கேட்டது ஆளை எப்படி எழுப்புறதுன்னுதான். ஒருத்தராவது நான் செஞ்சதுல நிம்மதியா உக்காரணும். அதைப் பாத்துட்டா போதும் எனக்கு.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தான் இழைத்து இழைத்து நாள் போனதில், வார்னிஷ் காய்வதற்குள் கண்காட்சி ஆரம்பித்துவிட்டது. யாரும் உட்கார்ந்து துணியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று நான்தான் சுற்றிலும் கயிறு கட்டினேன். வினை அங்கேதான். பணக்காரர் ஒருவர் என் படங்களையெல்லாம் ஒரு நடையில் தாண்டி வந்து, கயிற்றுக்கு முன்னால் உருகி நின்றார். காலியாக இருக்கும் பெஞ்சில் மனித வாழ்க்கையே தெரிகிறதாம். கயிற்றோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். என் படம் ஒன்றுகூட விலைபோகவில்லை.

“வீட்டுக்குத்தானே போகுது, யாராவது உக்காருவாங்க” என்று அத்தான் தன்னையே தேற்றிக்கொண்டார்.

பிறகு அந்த வீட்டு விருந்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கூடத்தின் நடுவே பெஞ்சு, சுற்றி அதே கயிறு. விருந்தாளிகள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அத்தான் பெஞ்சுக்குக் கிட்டே போனதும் வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார்.

“தொடாதீங்க சார். கலைப்பொருள்.”

அத்தான் முகம் செத்துப்போனது. “விரட்டுறதுக்குச் செஞ்சதுலகூட கொஞ்ச நேரமாச்சும் உக்காந்தாங்கம்மா” என்றார் என்னிடம்.

அப்புறம் செருப்பைக் கழற்றினார். கயிற்றைத் தாண்டிப் போய், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிகள் அதையும் கலை என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். எனக்கு மானம் போனது.

“வாங்க அத்தான், போலாம்.”

“நீயும் வந்து உக்காரு.”

உட்கார்ந்தேன். முதுகு தானாகத் தளர்ந்தது. என் படம் எதுவும் யாரையும் இப்படித் தாங்கியதில்லை. பொறாமையாக இருந்தது. எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.