முத்துச்செல்வி பார்த்த பட்டை

என் தங்கை முத்துச்செல்வி போராடிப் பெற்றவை: அப்பா இல்லாத வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பில் 1011 மதிப்பெண். ஒரகடம் கார் உதிரிபாகக் கம்பெனியில், ஆண்கள் மட்டுமே நின்ற பரிசோதனை மேசையில் ஓர் இடம். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, டாக்டர் ஒரு வருடம் என்று சொன்ன பிறகு, இரண்டு வருடம் நான்கு மாதம். வடக்கு வானில், சப்தரிஷி மண்டலத்துப் பக்கம், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேலக்ஸியைப் பற்றிய கட்டுரையில் அவள் பெயர்.

கடைசியாகச் சொன்னது கைதவறிப் போகப் பார்த்தது.

கம்பெனியில் பிரேக் தட்டுகளில் மயிரிழை விரிசல் தேடுவது அவள் வேலை. நல்ல தட்டில் மஞ்சள் புள்ளி வைப்பாள். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் பரிசோதனைத் தாளில் கையெழுத்து சூப்பர்வைசருடையது.

வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு, டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் என் போனில் ஒரு திட்டத்துக்கான படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆராய்ச்சிக்காரர்கள் கேலக்ஸி படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டி, நடுவில் நட்சத்திரங்கள் நேர்கோடாகத் திரண்ட பட்டை உண்டா என்று கேட்கும் திட்டம் அது. போன் என்னுடையது, கணக்கும் கனகலட்சுமி என்ற என் பெயரிலேயே திறந்துவிட்டோம்.

“யக்கா, இதுல பட்டை இருக்கு.”

“எனக்குப் புகைதான் தெரியுது.”

“ஒனக்குச் சோத்துல கிடக்க கல்லே தெரியாது.”

பதினெட்டுப் பேர் ‘இல்லை’ என்று குறித்த படம். அவள் ஒருத்திதான் ‘உண்டு’ என்றாள்.

ஐந்து மாதம் கழித்து, திட்டத்தைக் கவனிக்கும் கலைமதி மேடம் போன் செய்தார். பெரிய தொலைநோக்கியில் மறுபடி பார்த்தார்களாம். பட்டை இருக்கிறது, அதன் இரு முனையிலிருந்தும் சுருள் கைகள் கிளம்புகின்றன. கட்டுரையில் கனகலட்சுமிக்கு நன்றி சொல்லப்போவதாகச் சொன்னார்.

“நான் இல்லைங்க, என் தங்கச்சி” என்றேன்.

அப்படியானால், பெயரை வெளியிடச் சம்மதம் தரும் படிவத்தில் பார்த்தவரே கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றார்.

அப்போது அவள் படுத்த படுக்கை.

“ஓம் பேரே இருக்கட்டும்க்கா. யாராவது கேட்டா பதில் சொல்ல நீயாவது இருப்பே.”

“பாக்காதவ பேரு எதுக்குடி? இன்னொரு படத்தைக் காட்டி என்னன்னு கேட்டா நான் எங்க போவேன்?”

சிரித்தாள். “மானத்தை வாங்கிருவே. குடு.”

கை வீங்கியிருந்தது. நான் படிவம் வைத்த அட்டையைத்தான் பிடித்தேன், அவள் கையைப் பிடிக்கவில்லை. முதல் படிவத்தில் எழுத்து கட்டத்தைத் தாண்டியது. “ரிஜெக்ட்” என்று அவளே தள்ளிவிட்டாள். இரண்டாவதற்கு மூன்று நிமிடம் ஆனது.

அதிலிருந்து பதினோராம் நாள் போய்விட்டாள். கட்டுரை ஜூனில் வந்தது. அதில் அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன்.

தான் பார்த்த ஒன்றுக்குத் தன் பெயரை அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 பிப்ரவரி 15, வியாழக்கிழமை.