நாலு கட்டம் நடக்கும் கோட்டைச்சாமி

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு மத்தியானம், எங்கள் வீட்டு மாடியில் ஒரு பூரானைக் கொன்றேன். சாதாரணப் பூரான் இல்லை. ராஜபாளையம் பஸ் நீளம் இருக்கும். கோடாலியால் இரண்டே வெட்டு... முடிந்தது.

பதறாதீர்கள். விளையாட்டில்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு பழக்கம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். ஒருவர் கதை சொல்லுவார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவோம். (பாத்திரக்கடைக்காரனுக்கு இதுகூட வராதா என்ன?) "இப்போ என்ன செய்றீங்க?" என்று அவர் கேட்பார். நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். சீட்டு இல்லை, பந்தயம் இல்லை. அரட்டையும் பகடையும்தான்.

கதை சொல்லுகிறவர் செல்வின். தறிகளுக்குச் சேலை டிசைன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதனால் எங்கள் போர்க்களம் எல்லாமே பார்டர் வரைகிற கட்டம் போட்ட தாளில்தான். ஒரு மூலையில் பாழடைந்த கோட்டை இருக்கும். மறு மூலையில் பாதி வரைந்த மாங்காய் பார்டர் இருக்கும். சர்ச் முடிந்து நேரே இங்கே வருவார். தங்கமான மனிதர். ஆனால் மேஜையில் உட்கார்ந்துவிட்டால் இரக்கம் கிடையாது. "செத்தா செத்ததுதான்" — இது அவர் சட்டம்.

ஆடுகிற மூவர்: நான், என் மனைவி கோமதி, அப்புறம் காதர்.

காதருக்குக் கடையநல்லூர். கல்ஃபில் ஒரு கிடங்கில் வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு எங்கள் கடையில் பாத்திரம் எடுக்க வந்தவன், பேச்சு வளர்ந்து இன்றைக்கு வீட்டில் ஒருவன். இந்த விளையாட்டை எங்களுக்குக் காட்டியதே அவன்தான். அங்கே அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்தாராம். லீவில் வருகிறவர்கள் சென்ட், சோப்பு, பேரீச்சம்பழம் கொண்டுவருவார்கள். இவன் பேரீச்சம்பழத்தோடு ஒரு பை நிறையப் பகடை கொண்டுவந்தான்.

கதையில் அவனுடைய ஆள் பெயர் சிட்டு. ஒல்லிப்பயல், கையில் ஒரு கத்தி. தாளில் சிட்டுக்கு அடையாளம் ஒரு பேரீச்சங்கொட்டை. என் ஆள் கோட்டைச்சாமி. தலை முதல் கால் வரை இரும்புக் கவசம், கையில் கோடாலி. அடையாளம், தூக்குச்சட்டி மூடியிலிருந்து கழன்ற குமிழ். கோமதியின் வெள்ளையம்மா மந்திரக்காரி. அவளுக்கு ஒரு சட்டைப் பித்தான்.

கோட்டைச்சாமி எனக்கு நாலாவது ஆள். முந்தின மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெள்ளையம்மா கோமதிக்கு இரண்டாவது. தொடக்கத்திலிருந்து உயிரோடு இருப்பவன் சிட்டு மட்டும்தான்.

அன்றைக்குக் காதருக்கு லீவில் கடைசி ஞாயிறு. வியாழக்கிழமை பிளேன். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும். மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிட்டான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு சிட்டு சாவக்கூடாது. நான் திரும்பி வந்து உக்காரும்போது அவன் இருக்கணும்."

"செத்தா இன்னொருத்தனை உண்டாக்கு ல. மூணு பேரைப் பறிகொடுத்துட்டு நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அவன் சிரிக்கவில்லை. "அங்கன வேலைக்குப் போற வண்டியில உக்காந்தா, அடுத்தாப்ல சிட்டு என்ன செய்வான்னுதான் யோசிப்பேன். அதுலதான் ரெண்டு வருசமும் ஓடுது. அவனும் இல்லைன்னா என்னத்த யோசிக்க? சோத்தையும் சூட்டையுமா?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோமதி காப்பி போடப் போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்குமுன் செல்வின் ஒரு நல்ல செய்தி சொன்னார். போன தடவை பிழைத்து வந்ததற்கு ஆளுக்கொரு புதுத் திறமை. இரண்டில் ஒன்று. ஒன்று, இரட்டை வெட்டு — ஒரு முறைக்கு ஒரு அடிக்குப் பதில் இரண்டு அடி. மற்றது, காற்றுக்கால் — நடக்கிற கட்டம் இரண்டு மடங்கு. அடி அதிகமாகாது, குறையவும் செய்யாது. கால் மட்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சட்டென்று இரட்டை வெட்டு என்றேன். காதரும் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றேன்.

"எதிரி சீக்கிரம் செத்தா நீ சாவ மாட்ட. கணக்கு அம்புட்டுதான். ஓடி ஓடி என்னத்தக் கிழிக்கப் போற?"

"அடிக்கணும்னா மொதல்ல பக்கத்துல போவணும்லா அண்ணாச்சி?"

"நாம ஏன் போவணும்? அவன் வருவான்."

இதைச் சொன்னபோது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. எத்தனையோ வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்குவேன், சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவேன், உட்காருவேன். பனவடலிசத்திரம், இளையரசனேந்தல் என்று நாலா பக்கமிருந்தும் ஜனம் என்னைத் தேடி வரும். நான் எழுந்துபோய் யாரையும் தேடியது கிடையாது. கோட்டைச்சாமியையும் அப்படித்தான் வளர்த்திருந்தேன். கவசத்தின் கனத்துக்கு அவனால் ஒரு முறைக்கு நாலு கட்டம்தான் நடக்க முடியும். மற்றவர்கள் ஆறு கட்டம் போவார்கள். அது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. நல்ல இடமாகப் பார்த்து நிற்க வேண்டியது... வருகிறவனை வெட்ட வேண்டியது!

காதர் காற்றுக்கால் எடுத்தான். "வெட்டி வேலை" என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"எனக்கும் காலுதான்" என்றாள் கோமதி. "உங்க பக்கத்துல நின்னா நானும் சேந்துல்லா சாவணும்?"

கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்க அறை. வெளியே போக ஒரே ஒரு கல் கதவு. போன தடவை ஆட்டத்தை நிறுத்தியபோதே மூன்று பேரும் உள்ளேதான் இருந்தோம். மேல்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது பூரான்.

கோட்டைச்சாமி கதவுக்கு எதிர் மூலையில் போய் நின்றான். முதுகுக்குச் சுவர், முன்னால் திறந்த இடம். கடை போடத் தோதான மூலை.

"நிக்கேன்" என்றேன். "வந்தா வெட்டுவேன்."

பூரான் வரவில்லை. வெள்ளையம்மாவைத் துரத்தியது. அடுத்த முறையும் "நிக்கேன்" என்றேன். அப்போதும் வரவில்லை.

"ஏன் வே வரமாட்டேங்கு?"

"அது எதுக்கு அண்ணாச்சி வரணும்?" என்றார் செல்வின். "அதுக்கு உங்ககிட்ட வாங்குறதுக்கு ஒண்ணுமில்லையே."

கோமதி சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது.

ரோஷம் வந்து நடக்க ஆரம்பித்தேன். நாலு கட்டம். அதற்குள் பூரான் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. மறுபடி நாலு கட்டம். மறுபடி அது வேறு பக்கம். கையில் இரட்டை வெட்டு இருக்கிறது. வெட்டத்தான் ஆள் இல்லை. போணியாகாத கடைக்கு இரண்டு தராசு எதற்கு?

அதனால் காதர் சொன்னதுதான் சரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிட்டு பாய்ந்து போய்க் குத்துவான், பாய்ந்து விலகுவான். பூரானால் அவனைத் தொடக்கூட முடியவில்லை. எல்லாம் சரி... குத்து? "கொசு கடிச்சாப்ல இருக்கு தம்பி" என்றாள் கோமதி. அப்படிக் குத்திக்கொண்டிருந்தால் பூரான் வயசாகித்தான் சாக வேண்டும். காலும் தனியாக ஒன்றும் கிழிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் காதர் ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணாச்சி, நீங்க பழைய மூலைக்கே போங்க. போயி அசையாதிய. ஆளை நான் கூட்டிட்டு வாரேன்."

போனேன். நின்றேன். சிட்டு பூரானின் மீசையில் ஒரு குத்து வைத்துவிட்டு ஓட்டம் எடுத்தான். அது வெறிபிடித்துத் துரத்தியது. மூலைவரை இழுத்து வந்தவன் கடைசிக் கட்டத்தில் சட்டென்று விலகிக்கொண்டான். பூரான் நேரே என் கோடாலிக்கு முன்னால்! வாங்க, வாங்க! முதல் வெட்டு... இரண்டாவது வெட்டு... இரண்டு தடவையும் பகடை என் பக்கம்தான்.

நான் போட்ட சத்தத்தில் கீழே தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தாராம்.

செல்வின் தொண்டையைச் செருமினார். செத்த பூரான் தூணில் சாய்கிறது. தூண் விழுகிறது. கூரை விரிசல் விடுகிறது. கல் கதவு இறங்குகிறது.

"இன்னும் ரெண்டு முறைதான். அப்புறம் கதவு மூடிரும்."

முதல் முறையிலேயே வெள்ளையம்மா வெளியே போய்விட்டாள். சிட்டும் வாசலைத் தாண்டி நின்றான். பேரீச்சங்கொட்டை பத்திரம் — காதர் கேட்டது கிடைத்துவிட்டது. கோட்டைச்சாமி? நாலு கட்டம் நடந்திருந்தான். இன்னும் நாலு நடந்தாலும் வாசல் எட்டாது. நாலு பேரும் குனிந்து கட்டத்தை எண்ணினோம். எண்ணினால் குறையுமா?

"நீ அங்கனயே நில்லு ல" என்றேன் காதரிடம். "இவன் போனாப் போறான். அஞ்சாவதா ஒருத்தனை உண்டாக்கிக்கிடுதேன்." மனசாரத்தான் சொன்னேன்.

காதர் கொட்டையை எடுத்தான். கதவுக்கு உள்ளே வைத்தான்.

"ஏலே!"

"கூட வந்த ஆளை விட்டுட்டு வெளிய நின்னு என்ன செய்ய அண்ணாச்சி? அதுக்கா காலு எடுத்தேன்?"

ஓடி வந்து கோட்டைச்சாமியைப் பிடித்து இழுத்தான். ஆளை இழுத்துக்கொண்டு ஒரு கட்டம் நகர்ந்தால் இரண்டு கட்டம் செலவு என்பது செல்வினின் சட்டம். என் கவசத்தின் கனம் அப்படி. வாசலுக்கு இன்னும் ஒரு கட்டம் இருக்கும்போதே சிட்டின் நடை தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தள்ளு. உருட்டினான். பதினெட்டு. கோட்டைச்சாமி கடகடவென்று உருண்டு வெளியே வந்து விழுந்தான்.

கதவு மூடிக்கொண்டது. கொட்டை உள்ளே.

"செத்துட்டானா?" என்று கோமதி கேட்டாள்.

"கூரை விழுது. உருட்டு காதரு. பத்துக்கு மேல வந்தா பொழைச்சான்."

"வே செல்வின், இன்னைக்கு ஒருநாள் விடும்வே" என்றேன். "பையன் ஊருக்குப் போறான்."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் அண்ணாச்சி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பகடையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். ஆனால் அது காதர் கையில் இருந்தது. உருட்டினான். எவர்சில்வர் தட்டில் அது சுற்றுகிறது, சுற்றுகிறது... நிற்பேனா என்கிறது.

பதினொன்று.

அழுதுவிட்டேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே. தலை நரைத்த மனுஷன், ஒரு பேரீச்சங்கொட்டைக்காக!

"இருக்கான்" என்றார் செல்வின். "உள்ள ஊத்துத் தண்ணி இருக்கு. திங்கதுக்குப் பூரான் இருக்கு. ஆனா இந்தக் கதவு இனித் தொறக்காது. மூணு மலையைச் சுத்திப் போனா பின்வாசல் ஒண்ணு உண்டு. யாராவது அங்கன போயித்தான் அவனை வெளிய எடுக்கணும்."

காதர் புறப்படும்போது கொட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அவன் இங்கனயே இருக்கட்டும்" என்றான். செல்வின் அதைத் தாளின் அதே கட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

மறுநாள் கடையில் ஒரு அம்மா அண்டா பார்த்தார்கள். "கனமானதா எடுங்க, இன்னும் கனமா" என்று ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக நானும் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நிறையச் சோத்தோட இதை அடுப்பிலருந்து இறக்க வீட்டுல ஆள் உண்டாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

போன ஞாயிறு மூன்று பேராக உட்கார்ந்தோம். இரட்டை வெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காற்றுக்கால் கேட்டேன். கொடுத்ததை மாற்ற முடியாது என்றார் செல்வின். வேண்டுமானால் கவசத்தைக் கழற்றலாம். ஆறு கட்டம் நடக்கலாம். ஆனால் விழுகிற ஒவ்வொரு அடியும் உடம்பில் விழும்.

"கழத்தி எடைக்குப் போடுங்க" என்றாள் கோமதி. "பழசை நாமளேதான் எடுக்கோம்லா?"

கழற்றிவிட்டேன். கோட்டைச்சாமி இப்போது பனியனோடு நடக்கிறான். முதல் மலையிலேயே ஓநாய் ஒன்று பாதி உயிரைக் கடித்து எடுத்துவிட்டது. கவசம் இருந்திருந்தால் கீறல்கூட விழுந்திருக்காது. வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன்.

நேற்று கல்லாவில் இருக்கும்போது காதரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் போல.

"அண்ணாச்சி, சிட்டு பூரானைச் சுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்கான். நீங்க எங்கன வந்துட்டிய?"

வியாபார நேரம். கடையில் ஆள் நிற்கிறது. இருந்தாலும் எழுந்து வெளியே போய்ப் பதில் பேசி அனுப்பினேன்.

"ரெண்டாவது மலை ஏறுதோம் ல. வந்துக்கிட்டிருக்கோம்."