அட்டவணையில் ஏறிய கை

அஞ்சம்மாளுக்கு முன்பற்கள் நான்கும் பாதிதான் இருக்கும். வெற்றிலைப் பழக்கமோ புகையிலைப் பழக்கமோ கிடையாது. பதினாறு வயதில் தொடங்கி ஐம்பத்து மூன்று வயதுவரை பறியைக் கடித்துக் கடித்தே தேய்ந்த பற்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய சின்னக் கூடை. இறால் தடவப் போகிற பெண்கள் அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஏரித் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்வார்கள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். விரலில் தட்டுப்பட்டதும் சட்டென்று பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். படகு கிடையாது, வலை கிடையாது, தூண்டில்கூடக் கிடையாது. வாயில் பறி இருப்பதால் வேலை முடியும்வரை பேச்சும் கிடையாது.

பொன்னேரிக்குக் கிழக்கே, உப்புத் தண்ணீர் ஏரியை ஒட்டிய மேட்டுக் காலனியில் அவள் வீடு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள். பிறகு நிலத்துக்காரர்கள் நிலத்தைப் பிளாட் போட்டும் குடோன் கட்டியும் பிழைத்துக்கொண்டார்கள். காலனி ஆண்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேன் ஏறினார்கள். அஞ்சம்மாளின் கணவன் அருணாச்சலம் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம் காண்டிராக்டில் இருந்தான். இடுப்பு விட்டுப்போனதும் கம்பெனியும் அவனை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அஞ்சம்மாளின் பத்து விரலால்தான்.

அவளோடு சேர்த்து ஆறு பெண்கள் ஏரிக்குப் போவார்கள். அதில் சின்னப்பொண்ணு அவளைவிட ஐந்து வயது மூத்தவள், பக்கத்து வீடு. ஒருத்தி வீட்டில் குழம்பு கொதித்தால் மற்றவள் வீட்டில் சோறு மட்டும் வடித்தால் போதும், அப்படி ஒரு நெருக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராபின் செல்போனோடு வந்தான். அடுத்த தெருக்காரன், நாற்பது வயது, கம்பெனியில் ஷிப்ட் வேலை. காலனிக்கு வருகிற சர்க்கார் காகிதத்தை எல்லாம் படித்துச் சொல்கிற ஆள் அவன்தான். ஏரியில் மீன்பிடிப்பதற்கும் பறவைகளைப் பாதுகாப்பதற்கும் சேர்த்துப் புதிய விதிகள் வரப்போகின்றனவாம். வரைவு வெளியாகியிருக்கிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருக்கிறார்கள்.

“இன்னாடா ராபின், இத்தினி பக்கம் கீதே, நம்மளப் பத்தி எங்கயாச்சும் கீதா?”

“பிடிக்கிற சாமான் லிஸ்ட்டு ஒண்ணு கீதுக்கா. ஏழு வலை பேரு போட்டுக்கீறான். ரெண்டு தினுசு படகு போட்டுக்கீறான். லிஸ்ட்டுல இல்லாத எதுலயும் மீனோ எறாவோ பிடிக்கக் கூடாதாம்.”

“கை?”

“கை இல்லக்கா.”

“கை இல்லாம அந்த வலையக் காலாலயா இஸ்துகினு போவானுங்க?” என்றாள் அஞ்சம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. “லிஸ்ட்டுல இல்லன்னா நாளைக்கு நம்மள எறங்க வுட மாட்டானுங்கடி. நீ போய்ப் பேசு. உனக்குத்தான் வாய் கீது” என்றாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பொன்னேரி போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் மேடையில் பாதி உதிர்ந்து தொங்கின. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு படகுச் சங்கத்தார். மறுபக்கம் தொழிற்பேட்டையிலிருந்து ஷூ போட்ட நாலு பேர், ஆளுக்கொரு ஃபைல். அவர்கள் மைக் பக்கமே போகவில்லை. ஃபைலை மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் கூட்டத்தில் பேச மாட்டார்கள் என்பது அஞ்சம்மாளுக்கு அன்றைக்குத் தெரியாது.

அவளுக்கு இருபத்தேழாம் டோக்கன். ஆளுக்கு இரண்டு நிமிஷம். மேடையில் இருந்த அதிகாரி தன்மையான மனிதர். அதுதான் கெட்டது. எரிந்து விழுந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள்.

“சார், வலை பேரெல்லாம் எழுதிக்கீறீங்க, கைய வுட்டுட்டீங்க. எங்களுக்குக் கைதான் சார் வலை. அதையும் எழுதிக்கோங்க.”

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “கையால எப்படிம்மா பிடிப்பீங்க? இவ்வளவு பெரிய ஏரியில இறால் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?”

அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அந்த இறாலை முப்பது வருஷமாகத் தின்ற கணவன்கூடக் கேட்டதில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அது ஒண்ணும் பெரிய வித்த இல்ல சார். விடிஞ்சதும் கரையில நின்னு பாப்போம். நாரையும் கொக்கும் எங்க கூட்டமா நிக்குதோ, அங்கதான் எறா. மத்த எடத்துல நாள்பூரா துழாவுனாலும் ஒண்ணும் ஆப்புடாது. நேரா அந்தக் கூட்டத்துக்குள்ள பூந்துருவோம். அதுங்க துன்ற எடத்துலதான் எங்களுக்கும் சோறு.”

மேடைக்குக் கீழே ஒரு பெண் கம்ப்யூட்டரில் இதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு டீ வந்தது. அவள் கப்பை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதிக் குடித்தாள்.

“ஆனா ஒண்ணு சார், எங்களப் பாத்து அதுங்க பறக்காது. நாங்க குனிஞ்சிகினே போவோம், சத்தம் போட மாட்டோம். எருமையப் பாக்குற மாரி பாத்துட்டு அதும்பாட்டுக்கு மேயும். கூடு கட்டுற மாசத்துல அந்தத் திட்டுப் பக்கமே போவ மாட்டோம், அது எங்களுக்குள்ள கட்டு. படகு மோட்டார் சத்தத்துக்குத்தான் சார்…”

மணி அடித்துவிட்டது. “ரொம்ப நல்ல தகவல்மா. உங்களை மாதிரி ஆளுங்கதான் வந்து பேசணும்” என்றார் அதிகாரி. கை தட்டினார்கள். பெண் கப்பைக் கீழே வைத்துவிட்டு இருபத்தெட்டாம் டோக்கனுக்குத் தயாரானாள்.

அன்றைக்கு அஞ்சம்மாள் கால் தரையில் பாவவில்லை. அருணாச்சலத்திடம் மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் அவன் தூங்கிவிட்டான். சின்னப்பொண்ணு காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, “நீ மட்டும் பறியக் கடிச்சிகினு இல்லன்னா, இந்நேரம் கலெக்டராவே ஆயிருப்படி” என்றாள். அஞ்சம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே அதை ரசித்தாள்.

ஏழு மாதம் கழித்து ராபின் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அக்கா, கைய எழுதிட்டான்.”

“பாத்தியா! நான் சொல்லல? தங்கமான மனுசன்டா அவரு.”

“அந்த லிஸ்ட்டுல இல்லக்கா. பின்னாடி இன்னொரு லிஸ்ட்டு கீது. தடை பண்ண லிஸ்ட்டு.”

படித்தான். ‘பறவைகள் இரை தேடும் பகுதிகளில் கையால் இறால் பிடித்தல் தடை செய்யப்படுகிறது. இத்தொழிலில் ஈடுபடுவோர் பறவைக் கூட்டங்களைத் தேடிச் சென்று அவற்றின் நடுவே நுழைகின்றனர் என்பதைக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் திருமதி அஞ்சம்மாள் (வரிசை எண் 27) அவர்களே உறுதி செய்துள்ளார்.’

பிறந்து வளர்ந்து பேரன் எடுத்தவரைக்கும் அவளை யாரும் ‘திருமதி’ போட்டு எழுதியதில்லை. அப்படி எழுத இந்த ஒரு காகிதம்தான் கிடைத்தது.

“அதுங்க பறக்காதுன்னு சொன்னனேடா?”

“அது இல்லக்கா.”

“கூடு கட்டுற மாசம் போவ மாட்டோம்னு சொன்னனே?”

“அதுவும் இல்லக்கா.”

அப்போதுதான் அவளுக்கு அந்த டீ கப் நினைவுக்கு வந்தது. இன்னும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். கம்பெனிகளின் கழிவுநீர்க் கால்வாய்க்கும் பறவைகள் மேய்கிற இடத்துக்கும் நடுவே விட வேண்டிய தூரத்தைப் பாதியாகக் குறைக்கும்படி ஒரு கோரிக்கை வந்திருந்தது. அதற்கு எதிரே ஒரே வார்த்தை: ஏற்கப்பட்டது. அந்தக் கால்வாய்த் தண்ணீர் காலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். நாரைக்கு அரிக்காது போலிருக்கிறது. நாரைக்கு ஆகாதது ஆறு கிழவிகளின் விரல் மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலை ஏரியில் வனத்துறை வாட்சர் சின்னப்பொண்ணைப் பிடித்தான். இறாலைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் பறியைப் பூட்ஸ் காலால் மிதித்து நசுக்கினான். “உங்க ஆளே வந்து சொல்லிட்டுப் போயிருக்கு, அப்புறம் இன்னா?” என்று கேட்டானாம். சின்னப்பொண்ணு ஈரப் புடவையோடு நேராக அஞ்சம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“முப்பத்தஞ்சு வருசம் வாயில பறிய வச்சிகினு பொழச்சோம். ஒரே ஒரு நாள் எடுத்த. எல்லார் சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்ட.”

போகச் சொன்னது யார் என்று அஞ்சம்மாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரே திட்டினாலும் தாங்கியிருப்பாள், சின்னப்பொண்ணு திட்டியதைத் தாங்க முடியவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்பும் போகவில்லை, சோறும் போகவில்லை.

அஞ்சம்மாள் விடிகாலை வேனில் கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டுக் கழுவினாள். இரண்டு பேர் எளாவூர்ப் பக்கம் லாரி ஷெட்டில் பெருக்கப் போனார்கள். இரண்டு பேர் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். சின்னப்பொண்ணுக்கு ஐம்பத்தெட்டு. கம்பெனி கேட்டில் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் ரேஷன் அரிசியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தினமும் வேனுக்குப் போகும்போது அந்த முதுகைத் தாண்டித்தான் அஞ்சம்மாள் போக வேண்டும். கேன்டீனில் நாஷ்டா மீந்தால் இரண்டு இட்லி கட்டிக்கொண்டு வருவாள். கொடுக்கத் தைரியம் வராமல் அருணாச்சலத்துக்கே போட்டுவிடுவாள்.

மறு வருஷம் இன்னொரு கூட்டம். விதிகளை மறு ஆய்வு செய்கிறார்களாம், மறுபடியும் கருத்துச் சொல்லலாமாம். அஞ்சம்மாள் லீவு போட்டாள். பரணில் கிடந்த பறியை எடுத்துக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். “இன்னாத்துக்கு உனக்கு இந்த வம்பு?” என்றான் அருணாச்சலம். “பேசுனாத்தான வம்பு?” என்றாள்.

அதே மண்டபம், வேறு அதிகாரி. முப்பத்தொன்றாம் டோக்கன். பெயரைக் கூப்பிட்டதும் மைக் முன்னால் போய் நின்றாள். பையிலிருந்து பறியை எடுத்து விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினாள். முப்பத்தேழு வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறி, இறால் முள் கிழித்த கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற விரல்கள். அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதை இதற்கு மேல் யாருக்கும் விளக்க முடியாது. இந்தத் தரம் பாதியை வெட்டவும் முடியாது என்று நினைத்தாள்.

“சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி. அவள் அசையவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. “மைக் வேலை செய்யுதா பாருங்கப்பா” என்றார் அதிகாரி. ஒருவன் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தான். வேலை செய்தது. மணி அடிக்கிறவரை இரண்டு நிமிஷமும் அவள் அப்படியே நின்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியில் சின்னப்பொண்ணு இருந்தாள். எப்போது வந்தாளோ, தெரியாது. அவளும் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள். டோக்கன் வாங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அஞ்சம்மாளின் மடியிலிருந்த பறியை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சண்டை வந்து ஒரு வருஷம் கழித்து அஞ்சம்மாளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. ராபின் படித்தபோது இரண்டு பேரும் ஒரே வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

‘வரிசை எண் 31. திருமதி அஞ்சம்மாள். கருத்து ஏதுமில்லை.’

“பறி? கையக் காட்டுனனே, அது?”

“இல்லக்கா.” ராபின் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனான். படிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு படித்தான். ‘வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டவர்களில் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்காத பத்தொன்பது பேரும் தற்போதைய விதிகளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுகிறது.’

“அந்தப் பத்தொம்பதுல நானும் ஒண்ணா?” என்றாள் அஞ்சம்மாள்.

“ஆமாக்கா.”

“நான் பேரு மட்டும் எழுதிட்டு இவ பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன்” என்றாள் சின்னப்பொண்ணு. “நானுமா?”

“நீயுந்தான்க்கா.”

ஆக, கையால் இறால் பிடிக்கக் கூடாது என்பதற்கு அந்தக் காலனியிலிருந்து இரண்டு பெண்கள் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள். எழுத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.