எதிர்த்திசையில் வந்த சாமி

மகளின் கணுக்கால் எலும்பு கூடிவிட்டது. நாளை மறுபடி ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகிறாளாம். எனக்குத்தான் இன்னும் ஹார்ன் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடத் தோன்றுகிறது.

அன்று திருமுல்கேரி சாலையில், எதிர்த்திசையில் வந்த பைக் ஒன்று அவள்மேல் மோதியது. யூ-டர்ன் தூரம் என்று எங்கள் பகுதியில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். ஓட்டியவர் எங்கள் பின்தெருக்காரர். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்போது ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மகள் காலைப் பிடித்தபடி சாலையோரம் உட்கார்ந்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் அதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

“சாமி மாலையில இருக்காரு, அவர்மேல தப்பிருக்காது.”

“பொண்ணு போனைப் பாத்துட்டே வந்திருக்கும்.”

மகள் என்னைப் பார்த்தாள். “டாடி, ஐ வாஸ் ஆன் மை சைட். நீயாவது நம்பு.” வலியைவிட அதற்குத்தான் அழுதாள்.

போக்குவரத்துக் காவலர் வந்தார். கூட்டத்தோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. மாலை போட்டவர் பொய் சொல்லக் கூடாது. அந்த ஒன்றை நம்பி அவரிடமே கேட்டேன்.

“சாமி, நீங்களே சொல்லுங்க. எந்தப் பக்கமா வந்தீங்க?”

அவர் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஹவ், ஆமா சாமி. நான்தான் ராங் சைடு. பஜனைக்கு லேட்டாயிடுச்சு.”

கூட்டம் கலைந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் மட்டும் மறுநாள் மருத்துவமனைக்குப் பழங்களோடு வந்தார். “வெங்காயம்கூட நக்கோ, வேணாம்னு விரதம் இருக்கேன் சாமி. ரோட்டுல இறங்கினா அது எதுவும் ஞாபகம் வரல, பாருங்க. இனிமே மாலையோட ராங் சைடு வரமாட்டேன்.”

கட்டிலில் இருந்த மகள் கேட்டாள்: “மாலையைக் கழட்டின அப்புறம், அங்கிள்?”

சிரிக்கப் பார்த்தார். பழங்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சபரிமலை போய் வந்து அவர் மாலையைக் கழற்றி வெகுநாளாகிறது. இன்று காலை, நாளையை நினைத்துத் தூக்கம் கெட்டு, விபத்து நடந்த அந்த முனையில் போய் நின்றேன். அவர் வந்தார், பேன்ட், ஷூ, ஹெல்மெட். ஒரு கணம் தயங்கினார். பிறகு யூ-டர்ன் வரை போய்த் திரும்பினார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு எதிர்த்திசையிலேயே இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியின் பிரேக்கை இன்னொரு முறை சரிபார்த்தேன்.