பச்சைத் துண்டோடு 33 கிலோமீட்டர்: காஞ்சிபுரம் ஞாயிறு சைக்கிள் சவாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில் பார்க்கவும் பட்டு எடுக்கவும் நான் காஞ்சிபுரம் போகவில்லை. எஸ்தரைப் பார்க்கப் போனேன். எட்டு மாதமாக என்னோடு பேசாத எஸ்தர், காஞ்சிபுரத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் சைக்கிள் சவாரியில் சேர்ந்திருக்கிறாள் என்று ஒரு படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இருபது பேர் நிற்கிற படம். கடைசியில், பாதி முகம் மறைந்து, அவளுடைய அந்த ஊதா ஹெல்மெட். போன மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பேர் கொடுத்தேன். கட்டணம் கிடையாது.

எதற்காகப் பேசவில்லை என்றும் சொல்லிவிட வேண்டும். எஸ்தர் நர்ஸ். தாம்பரத்தில் என் கண்ணாடிக் கடைக்கு எதிரே இருந்த மருத்துவமனையில் வேலை பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் சைக்கிள் வாங்கி, ஒரே குழுவில் சேர்ந்தோம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சிக்னலில் நின்றால்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் ஒரு சவாரி. "சேர்ந்தே போலாம்பா" என்று எஸ்தர் சொல்லித்தான் கிளம்பினோம். ஐந்தாவது கிலோமீட்டரிலேயே நான் பறந்துவிட்டேன். அவளுக்குப் பின் சக்கரம் பஞ்சர். போனில் சார்ஜ் இல்லை. லாரி போகிற சாலையில் தனியாக ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் முடிவிடத்தில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்து, "முதல் ஆள்" என்று எழுதி குழுவில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அவள் சொந்த ஊரான முசரவாக்கத்துக்கே திரும்பிவிட்டாள். பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் வேலை. நான் அனுப்பிய மன்னிப்புகள் எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.

சனிக்கிழமை ராத்திரி தூக்கமே இல்லை. மூன்றரைக்குக் காரை எடுத்தேன். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் சைக்கிள் பின் சீட்டில் படுத்துக்கொள்ளும். படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் 56 கிலோமீட்டர். நல்ல சாலைதான், ஆனால் ஒரகடம் பக்கம் அந்த நேரத்திலும் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிக்கொண்டு வருகின்றன. 4:50க்கு ரயில் நிலையம் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் இருந்தேன். அங்கேதான் எல்லாரும் கூடுகிறார்கள். காரை நாள் முழுக்க விட்டுவைக்க ஐம்பது ரூபாய்.

குழுவை நடத்துபவர் தரணேந்திரன். ஐம்பது வயது இருக்கும், விதைக்கடை வைத்திருக்கிறார், பக்கத்துக் கிராமத்தில் ஜைனக் குடும்பம். இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, இங்கே போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. தலை எண்ணவே மாட்டார்கள். ஒருத்தர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பச்சைத் துண்டைக் கட்டிவிடுவார்கள். அவர்தான் கடைசி ஆள். குழுவில் மற்றவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவருக்கும் பின்னால்தான் துண்டு வர வேண்டும். முடிவிடத்துக்குத் துண்டு வந்துவிட்டால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"இன்னிக்கு யாருபா துண்டு?" என்றார் தரணேந்திரன். எல்லாரும் ஹெல்மெட் வாரைச் சரிபண்ண ஆரம்பித்தார்கள். கடைசியாகப் போக யாருக்குத்தான் ஆசை?

"நான் கட்டிக்கிறேன்" என்றேன். இதற்காகத்தானே வந்தேன்!

அப்போதுதான் எஸ்தர் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அவரிடம் திரும்பி, "அவங்களா? அவங்க முன்னாடிதான் போவாங்க" என்றாள்.

அவங்க! என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். துண்டை வாங்கி இரண்டு முடிச்சாகப் போட்டேன்.

5:15க்குக் கிளம்பினோம். பாதை எளிது: காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் பாலாற்றுப் பாலம் வரை 16 கிலோமீட்டர், திரும்பி வந்து பிள்ளையார்பாளையத்தில் இட்லியோடு முடிக்க 17. ஒரு மணி நேரத்துக்கு முன் காரில் வந்த அதே சாலையில் சைக்கிளில் திரும்பிப் போவது எனக்கே சிரிப்பாக இருந்தது. பனி இருந்தது. ஸ்வெட்டர் வேண்டாம், முழுக்கைச் சட்டை போதும்.

எஸ்தர்தான் மெதுவான ஆள். மணிக்கு பதினான்கு கிலோமீட்டர். அதில் என் சைக்கிள் நிற்கவே மாட்டேன் என்று ஆடுகிறது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் வலித்தது. ஊதா ஹெல்மெட்டை விட்டால் பார்க்க ஒன்றும் இல்லை. கிலோமீட்டர் கல் வரும், வரும், வரவே வராது. இரண்டு தடவை பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "லாரி வருது, பின்னாடி வாங்க" என்றாள் இரண்டு தடவையும். லாரி ஒரு தடவைதான் வந்தது.

பாலத்துக்கு 6:25. பாலாற்றில் தண்ணீர் ஓரமாக ஒரு கோடுதான். மற்றவர்கள் டீ குடித்து முடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாக இருந்தது. பெண்களுக்கு ஒரு தகவல்: வாலாஜாபாத் பஸ் நிலையக் கழிப்பறை ஐந்து ரூபாய், மூக்கைப் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம். 6:40க்குத் திரும்பினோம். "ஒன்பதரைக்கு சர்ச்சு இருக்குது சார், போய்டலாமில்ல?" என்று எஸ்தர் தரணேந்திரனைக் கேட்டது காதில் விழுந்தது.

பிள்ளையார்பாளையத்துக்குள் நுழையும்போது 7:50. இன்னும் அரைக் கிலோமீட்டர். சாதித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அந்தத் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு நூல் மொத்தத்தையும், தறியில் ஏற்றுவதற்கு முன், தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு இழை இழையாகச் சீர் பண்ணுகிறார்கள். பாதித் தெரு அடைத்துக்கொள்ளும். அங்கே யாரும் வண்டி ஓட்ட மாட்டார்கள், ஹாரன் அடிக்க மாட்டார்கள். இறங்கி, ஓரமாக, ஒருத்தர் பின் ஒருத்தராகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு முன் மூன்று சைக்கிள், எதிரே தண்ணீர்க்குடத்தோடு இரண்டு அம்மாக்கள், ஒரு கன்றுக்குட்டி வேறு. வரிசை நகரவே இல்லை. எஸ்தர் எனக்கு முன்னால் நின்றாள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம். என் கால் ஆட ஆரம்பித்தது.

இடது பக்கம் ஒரு சந்து தெரிந்தது. இதில் புகுந்து அந்தக் கோடியில் வெளியே வந்து, இவள் வரும்போது நின்று பின்னால் சேர்ந்துகொள்ளலாம். என்ன போச்சு? இதுதான் என் மூளை. இரண்டரை மணி நேரம் கட்டிப்போட்டதை இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டது. சந்து நினைத்ததைவிட நீளம், நடுவில் ஒரு தடவை முட்டுச்சந்து. அடுத்த கோடியில் வெளியே வந்தபோது தெருமுனையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பாவு கட்டியிருந்த இடம் தெரு வளைவுக்கு அந்தப் பக்கம், அங்கிருந்து தெரியாது. சரி, எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு டிபன் கடைக்கு மிதித்தேன்.

"துண்டு வந்துட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். தரணேந்திரன் கையைத் தட்டி, "எல்லாரும் வந்தாச்சு, இட்லி எடுபா" என்றார். அவருக்கு மட்டும் வெங்காயம் போடாத சட்னி தனிக் கிண்ணத்தில் வந்தது. சிலர் சாப்பிடாமலே கிளம்பவும் ஆரம்பித்தார்கள். நான் ஊதா ஹெல்மெட்டைத் தேடினேன். கை கழுவப் போயிருப்பாள் என்று நினைத்தேன். தட்டு கைக்கு வந்த பிறகுதான், வாசலில் அவளுடைய சைக்கிள் இல்லை என்பது மண்டையில் ஏறியது.

போன் போட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். அதே கதை.

"சார், எஸ்தர் வரல."

"துண்டைப் பாத்துதானேமா நான் இட்லி சொன்னேன்" என்றார் தரணேந்திரன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நானும் வரேன்மா" என்று எழுந்தார். "வேணாம் சார், நான் விட்டது, நானே போறேன்" என்று ஓடினேன். அந்த அரைக் கிலோமீட்டர் என் வாழ்க்கையிலேயே நீளமான அரைக் கிலோமீட்டர். பாவி, பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டே மிதித்தேன். இந்தத் தடவை அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஆகாமல், வெறுமனே வீட்டுக்குப் போயிருந்தாலும் எல்லாம் முடிந்துதான் போகும்.

பாவுத் தெருவில்தான் இருந்தாள். குத்துக்காலிட்டு, பாவு முனையில் செருகியிருந்த கழியின் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வேர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் சாக்கடை ஓரம் சாய்ந்து கிடந்தது. தள்ளிக்கொண்டு வரும்போது பெடல் பட்டு, கயிறு கட்டியிருந்த முளை ஈர மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டதாம். பாவு தொய்ந்தால் அத்தனை இழையும் சிக்கிப்போகும். தொய்வதற்குள் பாய்ந்து பிடித்துவிட்டாள். பிடித்ததை விட முடியவில்லை. நெசவாளியும் அவர் மனைவியும் நடுவில் இழை சேர்ப்பதில் இருந்தார்கள், அவர்கள் கையையும் எடுக்க முடியாது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னத்தான் கூப்டேன்" என்றாள். "விஜீன்னு கத்துனேன். எட்டு மாசம் கழிச்சி உன் பேர வாயில எடுத்தேன்பா. திரும்பிப் பாத்தா வெறும் ரோடுதான் இருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், ஹெல்மெட்டோடு, நாற்பத்தொரு வயதில். "தப்புதான் எஸ்தர். அன்னிக்கும் தப்பு, இன்னிக்கும் தப்பு. என்னால நிக்க முடியலடி. அதான் என் வியாதி" என்றேன்.

"புடி" என்றாள்.

கயிறு கை மாறியது. அவள் எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "நான் டீ குடிச்சிட்டு வரேன். நீ நில்லு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

அப்போது மணி 8:15. ஐந்து நிமிடத்தில் தோள் எரிந்தது. பத்து நிமிடத்தில் என் கால் ஆட ஆரம்பிக்க, பாவு முழுக்க அலை ஓடியது. "கால ஆட்டாதமா! இழை சுத்திக்கும்" என்று நெசவாளியின் மனைவி அந்தக் கோடியிலிருந்து கத்தினார். "எம்மாம் நேரம்மா ஆவும்?" என்று நானும் அவர்கள் பாணியில் கேட்டுப்பார்த்தேன். "ஆவுறப்ப ஆவும், புடிச்சிக்கினு இரு" என்றார். போன் பாக்கெட்டில் டிங் என்றது, எடுக்க முடியவில்லை. மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. போகிறவர்கள் எல்லாரும், யாரிது புது ஆளு என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நெடுஞ்சாலையில் எஸ்தர் நின்ற ஒன்றரை மணி நேரத்தை நான் அதுவரை ஒரு கணக்காகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். அது எவ்வளவு நீளம் என்று அங்கேதான் உறைத்தது.

8:55க்கு நெசவாளி வந்து புது முளை அடித்துக் கயிற்றைக் கட்டினார். கையை விரிக்கவே முடியவில்லை. திரும்பினால் எஸ்தர் நிற்கிறாள், கையில் பார்சல் டீ.

"ஒன்றர மணி நேரமும் நிக்க வெக்கலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "ஒன்பதரைக்கு சர்ச்சு. நீ தப்பிச்ச."

டீ ஆறியிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அப்புறம் சர்ச் வாசல் வரை, இரண்டு கிலோமீட்டர், அவளுக்குப் பின்னாலேயே போனேன். உள்ளே நுழையும்போது திரும்பிப் பார்த்தாள். நான் இருந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐந்து மணிக்குள் பங்கில் இருங்கள், 5:15 என்றால் 5:15தான். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம், வாலாஜாபாத் சாலையில் லாரிகள் ஓரம் கட்டி நிற்கும். இட்லி, வடை, காபி அறுபது ரூபாய். நான் அன்று வாங்கிய தட்டு அப்படியே போனது, அதற்குத் தரணேந்திரன் காசு வாங்கவில்லை. பாவு நீட்டிய தெருவில் இறங்கித் தள்ளுங்கள், சைக்கிளைச் சுவர்ப் பக்கமும் உங்கள் உடம்பைப் பாவுப் பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், பெடல் முளையில் படாது. சந்தில் புகாதீர்கள். என்னைப் போல் நிற்கத் தெரியாத ஆளாக இருந்தால் ஒரு தடவையாவது அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் முடிவிடம் வரை முன்னால் போகிறவரின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தபோது டிங் என்றது எஸ்தர் அனுப்பிய படம். எனக்குத் தெரியாமல் எதிர் டீக்கடைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறாள். நான் குத்துக்காலிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கைத் தோளில் தேய்க்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் சைக்கிளில் பச்சைத் துண்டு. எட்டு மாதத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் வரி அதன் கீழே இருந்தது.

"கடைசி ஆள்."