மி தூ வார்த்த தண்ணீர்

எங்கள் தாய்வழியில் நாலு தலைமுறைக்கு முந்தியவள் மி தூ. ஐராவதி ஆற்றங்கரையில் எள் விதைத்துப் பிழைத்தாள். அவள் காலத்து ராஜாவிடம் ஒரு வெள்ளை யானை இருந்தது. வெள்ளை என்றால், புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்த நாளில் வெள்ளை. மற்ற நாளில் அடுப்புச் சாம்பல். பக்கத்து நாட்டில் இதைவிட வெளுத்தது இருப்பதாக யாரோ சொல்லப்போக, அதற்கு ஒரு போர். மி தூவின் புருஷனைக் கொண்டுபோனார்கள். யானையும் வரவில்லை, அவனும் வரவில்லை. ராஜா மட்டும் பத்திரமாகத் திரும்பி, தனக்குத்தானே இன்னொரு பட்டம் சூட்டிக்கொண்டார்.

சூட்டிக்கொண்டவர் சும்மா இருப்பாரா? மறுபடி போர் என்று ஆள் பிடிக்கும் படகு வந்தது. ஊருக்கு ஓர் ஆள். ஊர்த்தலைவர் ஙா காங், மி தூவின் கூடப்பிறந்த அண்ணன். முன்பு ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு ராஜா தந்த வெள்ளி வெற்றிலைப் பெட்டியைக் கொல்லைக்குப் போகும்போதும் இடுக்கிக்கொண்டு போவார். அவருக்கும் வளர்ந்த மகன் உண்டு. ஆனால் அவர் கை நீண்டது தங்கையின் ஒரே மகன் ஙா லின் பக்கம். தாய்மாமன் செய்த சீர் அது.

“பையனுக்குப் பேரு கிடைக்கும் தங்கச்சி,” என்றார்.

“இவன் அப்பனுக்குக் கிடைச்ச பேரே வீட்டுல சும்மா கிடக்குண்ணே. சோத்துக்குத் தொட்டுக்கக்கூட ஆகல.”

மறுநாள் விடியலில் மி தூ மகனைப் புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பூமி சாட்சியாகத் தண்ணீர் வார்த்து, தன்னையும் அவனையும் வரப்போகும் வம்சத்தையும் கோயிலுக்கு அடிமையாகக் கொடுத்துவிட்டாள். கோயில் அடிமையைத் தொட்டவன் நரகத்தில் வேவான். ராஜாவுக்கும் அந்தப் பயம் உண்டு.

அண்ணன் வேலிக்கு வெளியே நின்று காறித் துப்பினார். அடிமைக் கையால் இனி ஒரு வாய் தண்ணீர் வாங்கமாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்லிப் போனார்.

ஆனால் படகில் ஓர் ஆள் குறைந்தது. படகுக்காரன் தலைவர் வீட்டுப் பையனின் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்கே உச்சி வெயிலில் தலைவர் தன் மகனை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்தார். வந்த வேகத்தில் வார்ப்பதற்குத் தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டார். வெற்றிலைப் பெட்டியை மறக்கவில்லை. கோயில் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தவள் மி தூ.

“கொஞ்சம் தண்ணி குடு தங்கச்சி.”

அவள் குடத்தைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே நீட்டினாள்.

“வாங்கிக்கண்ணே. முன்பக்கம் நாங்க கூட்டுறோம். பின்பக்கத்துக்குத்தான் ஆள் இல்லாம கிடக்கு.”

வாங்கினார். மகனோடு தன்னையும் சேர்த்தே அடிமையாக வார்த்துக் கொடுத்தார். ஆள் காட்டத் தலைவரே இல்லாமல் படகு எங்கள் ஊரிலிருந்து வெறுமனே போயிற்று.

அண்ணன் வழியார் இன்றும் பின்பக்கம்தான் கூட்டுகிறார்கள். வௌவால் எச்சம் முழுக்க அங்கேதான். வெற்றிலைப் பெட்டியில் விளக்குத்திரி போட்டு வைத்திருக்கிறார்கள்.