செருப்போடு எடுத்த விளம்பரம்

இன்று நினைத்தாலும் என்மீதே ஆத்திரம் வருகிறது. மரக்காணம் உப்பைப் பாக்கெட் போட்டு விற்கிறேன். வியாபாரம் படுத்துவிட்ட நேரத்தில், செலவில்லாத விளம்பரமாக எனக்குத் தோன்றியது செல்போன் வீடியோதான். பத்து வருடமாக உப்பு வாரித் தரும் அஞ்சலையக்காவை, கறுத்த முகம் எடுபடாது என்று ஓரமாக நிற்கச் சொன்னேன். பாண்டிச்சேரியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்ணை உப்புப் பாத்தியில் இறக்கினேன். அவள் செருப்போடு இறங்கினாள்.

"ஏம்பா, சோத்துல போடுறதுப்பா இது! செருப்போட மிதிக்கிறா பாரு!" என்று அஞ்சலையக்கா கத்தினார்.

"ரெண்டு நிமிஷந்தான்க்கா, விடு" என்றேன்.

எடுத்த வீடியோவை அன்றிரவே இணையத்தில் போட்டேன். மறுநாள், என்னிடம் உப்பு வாங்கும் கூனிமேட்டுக் கடைக்காரர் போன் செய்தார். "வீடியோ பார்த்தேன். செருப்புக் காலால மிதிச்ச உப்பு எனக்கு வேணாங்க."

வீடியோவை அழித்துவிட்டு அக்காவிடம் ஓடினேன். "நீங்களே வந்து நில்லுங்கக்கா, புதுசா எடுக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து ஆகாத மூஞ்சி இன்னிக்கு எப்படிப்பா ஆகும்? போ, எனக்கு வேலை இருக்குது."

மறுபடியும் குனிந்து உப்பு வாரத் தொடங்கிவிட்டார். 'சுத்தமான உப்பு' என்று பாக்கெட்டில் அச்சடித்தவன் நான். அந்தச் சுத்தத்துக்காக வெறுங்காலோடு நின்று வெடித்துப்போன பாதங்களை அன்றுதான் பார்த்தேன்.